தொண்ணூற்றொன்பதைக் காத்தவள்

பாதிரியார் பெசரியோன் ஆண்டுக்கு ஒருமுறைதான்
எங்கள் துஷேத்தி மலைக்கு ஏறி வருவார்,
குதிரை வியர்க்க, அங்கியோரம் சேறாக.
ஆண்டுக்கு ஒருமுறை அதே கதை:
நூறு ஆடு. ஒன்று தொலைந்தது.
மேய்ப்பன் போனான், தோளில் சுமந்து வந்தான்.
மெழுகுதிரி பிடித்தபடி தலையாட்டுவோம்.

மிச்சம் தொண்ணூற்றொன்பதை
அந்த இரவு யார் பார்த்துக்கொண்டது என்று
அவர் சொன்னதே இல்லை.

நான் பார்த்துக்கொண்டேன்.

அபானோ கணவாய்க்குக் கீழே, அக்டோபர் கடைசி,
மந்தை சமவெளிக்கு இறங்கும் வாரம்.
தொலைந்தது ஆடில்லை.
ஷெத்தே, கூலிக்கு வந்த பையன், பதினேழு வயது.
கிடா விற்ற பணத்தை மடியில் கட்டிக்கொண்டு
கூடாரத்தின் பின்பக்கம் கிழித்துப் போயிருந்தான்.
"பனி வருகிறது. அவனுக்குப் பாதை தெரியாது"
என்றார் என் கணவர் இமேதா.
"பணம்?" என்றேன்.
"பாதை தெரியாது" என்றார் மறுபடி,
கேள்வி காதில் விழாதவர் போல.
ஆணியிலிருந்து கம்பளி அங்கியை எடுத்தார்.

மூன்றாம் நாள் பையன் பிழைத்தான் என்று சேதி.
ஐந்தாம் நாள் இமேதா வந்தார்,
குதிரை முதுகில், குறுக்காக.
அங்கி தனியாக வந்தது.
பையன் மேல் சுற்றியிருந்ததாம்,
சாலை வேலைக்காரர்கள் மடித்துக் கொடுத்தார்கள்.
அவனோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் ஓடிவிட்டானாம்.

நான் ஆடுகளை எண்ணினேன்.
வேறென்ன செய்ய?

கடுகளவு விசுவாசம் போதும் என்பார்கள்.
கடுகு நான் விதைத்ததில்லை. பார்லி தெரியும்.
பாறையில் விழுந்த பார்லியும்
இரண்டு விரல் உயரம் பச்சை காட்டிவிட்டுத்தான் கருகும்.
என் ஜெபம் அந்த உயரம்தான் வளர்ந்தது,
ஒன்பது வருடமும்.

பத்தாம் வருடம், ஜூனில்,
மேட்டில் ஒருவன் நொண்டி நொண்டி வந்தான்.
நாய்கள் குரைத்தன, பிறகு தயங்கின.
அவன்மேல் பன்றி வாடை.
எங்கள் மலைக்குப் பன்றி ஆகாது;
அந்த இறைச்சி தின்றவன் கணவாய் ஏறினால்
ஆலங்கட்டி விழும் என்பது ஊர்ப் பேச்சு.
கீழே பண்ணையில் தொட்டி கழுவிச் சேர்த்த காசை
தேயிலை டப்பாவிலிருந்து எடுத்து
பாறைமேல் எண்ணி வைத்தான்.

சரியாக இருந்தது.
அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.
ஒரு காசு குறைந்திருந்தால் திட்டியிருப்பேன்,
திட்டித் தீர்த்து அழுதிருப்பேன்.
கணக்குத் தீர்த்தவனிடம் எதைக் கேட்பது?
பாறைமேல் வைக்க முடியாத பாக்கியை
எந்த டப்பாவில் கொண்டுவருவான் அவன்?

அவன் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நாயை அவிழ்த்திருப்பேன்.
கொழுத்த கன்று என்னிடம் இல்லை.
இருந்தாலும் அறுத்திருக்க மாட்டேன்.

வெயில் சாய்ந்தது. உப்பு வைக்கும் நேரம்.
ஆடுகள் என் முழங்காலை முட்டத் தொடங்கிவிட்டன.
ஒருவர் வீம்புக்காக மந்தை காத்திருக்காது.
உப்புப் பையை அவன் பக்கம் நீட்டினேன்,
முகம் பார்க்காமல்.
வாங்கிய கையில் இரண்டு விரல் இல்லை.
பனி தின்றிருந்தது.
அன்று இரவு அவனுக்கும் செலவாகியிருக்கிறது
என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தட்டைக் கற்களில் வரிசையாகத் தூவினான்,
இமேதா தூவும் அதே ஒழுங்கில்.
ஒரு கிழட்டு ஆடு உப்பை விட்டுவிட்டு
அந்தக் குறைக் கையை நக்கியது.

விரலில் போட மோதிரம் ஏதும் தரவில்லை.
செருப்பு பிய்ந்திருந்தது; அதனால்
இமேதாவின் பூட்ஸை வாசலில் வைத்தேன்.
பெரிதாக இருந்தது போலும்,
முன்பக்கம் கம்பளி மயிர் அடைத்துக்கொண்டான்.

அங்கி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.
அதை நான் கொடுக்கவில்லை.
அவனும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இன்று காற்று வடக்கிலிருந்து.
இரவு பனி விழுந்தால், பார்க்கலாம்.