சதுர மீற்றர், ஆள், நாள்

மாங்குளம் சந்தியிலிருந்து ஒட்டுசுட்டான் வீதியில்
கொஞ்சத்தூரம் போய் இடப்பக்கம் திரும்பினால்
ஒரு கொள்கலன் பெட்டி. அதுதான் அலுவலகம்.
ஏசிக்கு ஜெனரேற்றர், ஜெனரேற்றருக்கு டீசல்,
டீசலுக்கு ஒரு நிரல்.
இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு நிரல் இருக்கிறது.

நான் சூத்திரம் எழுதுகிறவள்.
அதற்கு முன் ஆறு வருடம்
சிவப்புத் தடிகளுக்கு இடையில் முழங்காலில் நின்று
மண்ணைச் சுரண்டினவள்.
முழங்கால் முறையிட்டது. கதிரை கிடைத்தது.

துப்பரவான நிலத்தை ஆட்களால் வகு,
வந்ததை நாட்களால் வகு.
பத்துக்கு மேல் பச்சை. ஆறுக்குக் கீழ் சிவப்பு.
இடையில் மஞ்சள்;
அதைப்பற்றி ஒருவரும் மின்னஞ்சல் போடுவதில்லை.

நாலாம் அணி செவ்வாய்க்கிழமையிலிருந்து சிவப்பு.
கொழும்பிலிருந்து கேட்டார்கள்:
ஏன் வேகம் விழுந்தது? ஆட்களை மாற்றலாமா?

டாஷ்போர்ட்டைத் திறந்தேன்,
சிவப்பைத் தட்டினேன், அதற்குள் இருந்த சிவப்பைத் தட்டினேன்,
நிரை இருநூற்றுப் பதினாலில் வந்து நின்றேன்.
றோசலின். ஆறு மணித்தியாலம்.
சிக்னல் நாற்பத்தொன்று.
நிலம் சைபர் தசம் எட்டு.
ஒரு பாயை விரிக்கவும் காணாது.

குறிப்புக் கட்டத்தை ஒருவரும் வாசிப்பதில்லை.
கூட்டல் சூத்திரம் சொற்களைக் கண்டால்
தாண்டிப் போய்விடும், அதன் சுபாவம் அப்படி.
நான் வாசித்தேன்.

ஆணி. ஆணி. பிணைச்சல். ஆணி.
கேத்தில் மூடி. ஆணி. ஆணி.
சாவி ஒன்று (பூட்டு இல்லை). ஆணி.

கூரை விழுந்த இடம்.
தீராந்தி எரியும், சிலாகை எரியும்,
ஆணி மட்டும் மழைக்கு மழை கீழே இறங்கி
அங்கேயே படுத்திருக்கும்.
டிடெக்டருக்கு அதுவும் ஒரு கூச்சல்தான்.
வெடியை நெருங்குவதுபோலத்தான் அதையும் நெருங்கவேண்டும்:
பக்கத்திலிருந்து, சரிவாக, மூச்சை எண்ணிக்கொண்டு.
ஆணியை ஆணி என்று அறிய
எட்டு நிமிடமும் சொச்சமும்.

வெறுங்காட்டில் நாங்கள் பச்சை.
வீடு இருந்த இடத்தில் சிவப்பு.
இதை எழுதினது நான்தான். போன மாசி மாதம்,
தேத்தண்ணி ஆறுவதற்குள்.

சூத்திரத்துக்குள் கையை விட்டேன்.
சிக்னலை எதனாலோ பெருக்கி நிலத்தோடு கூட்டவேண்டும்.
எதனால்?
பத்தில் ஒன்று போட்டேன்: சிவப்பு.
ஐந்தில் ஒன்று: மஞ்சள்.
கையேட்டில் இதற்கு எண் இல்லை.
முழங்காலைக் கேட்டேன்.
கால் என்றது.

காலை எழுதினேன். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தேன்.
துணுக்காய் முதல் கொக்குத்தொடுவாய் வரை
எல்லாக் கட்டங்களிலும் ‘பிழை’, ‘பிழை’, ‘பிழை’.
பதினொரு நிமிடம் வன்னிக்கு நிறமே இல்லை.
தொலைபேசி அடித்தது. நான் எடுக்கவில்லை.
இடமிருந்து வலமாக, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு
திறந்ததையெல்லாம் எண்ணினேன்,
மூடினதையெல்லாம் எண்ணினேன்.
ஒன்று குறைந்தது. போட்டேன்.

பதினொன்று தசம் பூச்சியம் ஐந்து.
பச்சை.

கொழும்பு உடனே எழுதியது:
நல்ல முன்னேற்றம். நாலாம் அணியில் என்ன மாற்றினீர்கள்?
பதில் பெட்டி திறந்தபடி கிடக்கிறது.

பின்னேரம் றோசலின் எடுத்தாள்.
“அக்கா, நாங்கள் இண்டைக்குப் பச்சையாமே.
அதே ஆணிதான் அக்கா.
வாளி நிரம்பிப்போச்சு, என்ன செய்ய?”
நிறுத்து எழுது என்றேன், அதற்கும் ஒரு நிரல் இருக்கிறது.
தராசைத் தேடும் சத்தம் கேட்டது,
வாளி மாறும் சத்தம்,
யாரோ சிரிக்கிற சத்தம்.

மூன்று தசம் இரண்டு கிலோ.

“சாவியையும் சேர்த்தோ?” என்றேன்.
இல்லையாம்.
அதை வெளியே வைத்துவிட்டுத்தான் நிறுத்தவளாம்.