ஒன்பதாம் கட்டம்

அல் தகீராவில் ஜூலை மாதத்துக்குக்
காலை என்று ஒன்று கிடையாது.
நாலே முக்காலுக்கே மூக்குக்கண்ணாடி வியர்க்கிறது.
பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள் பதினோரு பேர்,
விமான டிக்கெட் விலை ஊருக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்த
பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும்.
சிலரை அம்மாக்கள் சேர்த்துவிட்டார்கள்,
கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுமென்று.
கூடும்தான்.
அந்த ஒரு வரிக்கும் சேற்றில் இறங்கவேண்டும்.

தில் பகதூர் எஞ்சினை அணைப்பதில்லை.
நாங்கள் திரும்பும்போது உள்ளே குளிர்ந்திருக்கவேண்டும்.
சுற்றுச்சூழல் வகுப்பு இது;
அணைக்கச் சொல்லலாமா என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

அலையாத்தி, என்றேன் முதல் நாள்.
அலையை ஆற்றுவதால் வந்த பெயர் என்பார்கள்.
சுஹைல் குனிந்து ஒரு மூச்சுவேரைத் தொட்டான்.
"சார்ஜர் மாதிரி இருக்கு மிஸ்,
மரத்தை யாரோ சார்ஜ்ல போட்டிருக்காங்க."
என் கையேட்டில் பென்சில் என்றிருந்தது.
அடித்துவிட்டு அவனுடையதை எழுதினேன்.

வேலை எளிது.
பிளாஸ்டிக் குழாய் வெட்டி ஒட்டிய அரை மீட்டர் சதுரம்.
சேற்றில் வை.
உள்ளே எத்தனை நண்டு வளை, எண்ணு, எழுது.
பத்தடி நட, மறுபடி வை.
ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம்.
பார்க்கவில்லையென்றால் பூஜ்யம் போடாதே,
பார்க்கவில்லை என்று எழுது.
இவை இரண்டும் ஒன்றல்ல என்று புரியவைக்க
எனக்கு மூன்று நாளும் ஒரு சண்டையும் ஆனது.

பதினோரு மணி. பள்ளி ஆய்வகம்.
தாள்களிலிருந்து கணினிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம்.
மூன்றாம் கோடு, ஒன்பதாம் கட்டம்: ஏழு.
ஜோவிட்டாவின் கையெழுத்து, குண்டு குண்டாக.
நேரம் ஆறு ஐம்பது.
ஓத அட்டவணையைப் புரட்டினேன்.
ஆறு ஐம்பதுக்கு அந்த ஓடையில் முழங்கால் தண்ணீர்.
கலங்கல் தண்ணீருக்கடியில் வளை எண்ணக்
கொக்கால்கூட ஆகாது.

"அங்கே போனியா?"

"பூட்ஸ் மாட்டிக்கிச்சு மிஸ்.
எட்டாவதுல ஆறு இருந்துச்சு. பத்தாவதுல எட்டு.
நடுவுல ஏழுதானே வரும்?"

கணக்கு சரிதான்.
ஆனால் நடுவில் ஓடுவது ஓடை.
அதற்குச் சராசரி தெரியாது.

ரப்பரை எடுத்தாள்.
அழிக்காதே என்றேன்.
குறுக்கே ஒரே ஒரு கோடு.
அடியில் அந்த ஏழு படிக்கும்படி இருக்கட்டும்.
பக்கத்தில் இனிஷியல், தேதி, காரணம்.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.
காரணம் எழுத வெகுநேரம் எடுத்தாள்:
'பூட்ஸ்.'

சுஹைல்தான் கேட்டான்.
"நீங்க எப்பவாவது, மிஸ்?"

முத்துப்பேட்டை, ஐப்பசி கடைசி.
விடாத மழை, படகுக்காரர் வரவில்லை.
நானும் அவரைக் கூப்பிடவில்லை.
லாட்ஜ் கட்டிலில் படுத்தபடி உப்பளவை எழுதினேன்.
நீல அட்டை போட்ட ஆய்வேட்டில்
நாற்பத்தெட்டுப் புள்ளிகளுள் ஒன்றாய் இன்னும் இருக்கிறது,
மற்ற புள்ளிகளோடு நன்றாகவே பழகிக்கொண்டு.

"ஒரு தடவை" என்றேன்.

"என்ன நம்பர்?"

"பதினெட்டு புள்ளி நாலு."

ஜோவிட்டா தலை நிமிர்ந்தாள்.
"புள்ளி நாலு எதுக்கு மிஸ்?"

எதற்கென்று அவளுக்குத் தெரியும்.
இருந்தாலும் சொன்னேன்.
வெறும் பதினெட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

கொஞ்ச நேரம் விசைப்பலகைகள் ஓடவில்லை.
பிறகு யாரோ தும்மினார்கள்,
யாரோ நான்காம் கோட்டை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

நாளை அந்த ஓடையில் நாலு இருபதுக்கு வற்றம்.
சீக்கிரம் கிளம்பவேண்டுமென்று
தில் பகதூருக்குச் செய்தி அனுப்பினேன்.
கயிறு ஒன்று, பலகை இரண்டு,
கணுக்காலில் இறுகும் பூட்ஸ் ஒரு ஜோடி.

சைஸ் முப்பத்தேழு என்றாள் ஜோவிட்டா.
சரிபார்க்காமல் எழுதிக்கொண்டேன்.