செவ்வாய்க்கிழமை

பெருமாள் ஏரிக் கரையில் வண்டியை நிறுத்தி
டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் பார்த்தேன்.
கோரைக்கு மேலே ஓர் ஆள் உயரம்,
தாழ்ந்து, சாய்ந்து, அவசரமே இல்லாமல்
ஒரு பூனைப்பருந்து.
எதையும் பிடிக்கவில்லை அது.
சும்மா வந்தது.
கரையோரம் மேய்ந்த நாமக்கோழிகள் அத்தனையும்
நடு ஏரிக்குப் போய்
ஒரே கறுப்பாகக் கூடின.
அது போன பிறகும்
எலுமிச்சைச் சாதம் முடிகிறவரை
ஒன்றுகூடத் திரும்பவில்லை.

கரையில் பாசி கொழுத்துக் கிடந்தது.
நல்ல தீனி. வாய் படாத பச்சை.
பயம் எதுவரை என்று அறிய
பருந்தைத் தேட வேண்டாம்,
அந்தப் பச்சை முடிகிற இடத்தைப் பார்த்தால் போதும்.

எனக்கு அந்தப் பச்சை பழக்கம்.

சோனங்குப்பத்தில் செவ்வாய்க்கிழமை
ஒன்பதிலிருந்து பதினொன்று வரை
தெருக்குழாய் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.
குடங்கள் வரிசையில் நிற்கும்,
ஆட்கள் நிற்கமாட்டார்கள்.
என் பல்சருக்குச் சத்தம் ஜாஸ்தி.
குழுக் கடன், வாரத் தவணை அறுநூற்று நாற்பது,
கையெழுத்துப் போட்டவர்கள் பத்துப் பேர்,
கண்ணில் படுகிறவர்கள் மூன்று.

அஞ்சலாட்சி துறைமுகத்தில் மீன் விற்றவள்.
ஏலக்கூடத்தில் மூன்றாம் தூணோரம்:
நிழல் உண்டு,
வாங்க வருகிறவன் முதலில் குனியும் இடம்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
இரண்டு வாரம் அங்கே போய் நின்றேன்.
மூன்றாம் வாரம் தூணோரம் வேறொருத்தி,
கடன் இல்லாதவள்,
காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.
அஞ்சலாட்சி கூடையோடு
உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாளாம்,
வஞ்சிரத்தைக் கிழங்கான் விலைக்குக் கேட்கிற தெருக்களுக்கு.

அவளிடம் ஒரு ரூபாய்கூட நான் வாங்கவில்லை.
அவளோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்,
வெயிலில், நடையில், பாதி விலையில்.
எந்த ரசீதிலும் அது ஏறாது.

நானும் சும்மா இல்லை.
நேரத்தை மாற்றினேன்.
வண்டியை அம்மன் கோயிலுக்குப் பின்னால் விட்டு
நடந்தே போனேன்.
அவர்கள் முக்கில் பிள்ளைகளைக் கோலி ஆட விட்டார்கள்.
கோலிச் சத்தம் நின்றால் தெரு காலி.
நான் காலையில் வந்தால் அவர்கள் மாலைக்குப் போனார்கள்,
மாலையில் வந்தால் படகுக்குள் போனார்கள்.
கடைசியில் எனக்கென்று ஓர் ஊர் ஆகிவிட்டது:
அவர்கள் இல்லாத சந்துகளால் ஆன ஊர்.
யார் யாரை விரட்டுகிறார்கள் என்பது
என் பெட்ரோல் கணக்குக்குத் தெரியும்.

மாதக் கடைசியில்
மஞ்சக்குப்பம் கிளையில் தீர்த்தகிரி சார்
அறைக் கதவைத் திறந்துவைத்தே உட்காருவார்.
அதனால் மாதக் கடைசியில் நான் டீ குடிப்பது
கெடிலம் பாலத்துக்கு அப்பால்.
அங்கே டீ வெந்நீர் மாதிரி இருக்கும்.

போன ஞாயிறு, தேவனாம்பட்டினம்.
லுங்கியில் இருந்தேன், வண்டி இல்லை.
கூடையோடு ஒருத்தி வந்து
என் முன்னாலேயே இறக்கி வைத்தாள்.
"கிழங்கான் எடுத்துக்க தம்பி, இப்ப வந்தது."
அஞ்சலாட்சி.
அவளுக்கு என் சத்தம் தெரியும்,
முகம் தெரியாது.
இவ்வளவு பக்கத்தில் அவளை நான் பார்த்ததில்லை.
பேரம் பேசாமல் வாங்கினேன்.
எடைக்கு மேல் இரண்டு மீன் போட்டாள்.
ஞாயிறானால் இந்தப் பக்கம்தான் என்றாள்,
நான் கேட்காமலே.

தாளில் அவள் பெயருக்கு எதிரே
'ஆள் இல்லை' என்றே எழுதினேன்.
நல்லவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்,
அடுத்த வாரம் என்ன எழுதுவேனோ தெரியாது.

இந்தச் செவ்வாய் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு
டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன்.
வெறும் தலை, வெறும் கை.
மணி ஒன்பதரை.
வெயில் இதமாக இருந்தது.
தெருவில் ஒரு கோழி, பிறகு யாரும் இல்லை.
முதல் குடம் நிரம்பி
தண்ணீர் மணலில் ஓடிக்கொண்டிருந்தது.
மூடலாம் என்று குனிந்தேன்,
குழாய்க்குத் திருகு இல்லை.