இடையில் கோடு இல்லை

வின்ஸ்ஃபோர்டு டிப்போ, அதிகாலை மூன்று.
சாலை பூஜ்யத்தைத் தொட்டால்தான் வண்டி கிளம்பும்.
அதுவரை கேபின் விளக்கில்
மாலை வகுப்பு வீட்டுப்பாடம்.

சோடியத்தின் தலையில் ஒரு புள்ளி,
குளோரினைச் சுற்றி ஏழு.
நடுவே நான் இழுத்த கோட்டை
திருமதி ஆஷ்வொர்த் சிவப்பில் அடித்திருக்கிறார்:
இங்கே யாரும் பங்கு போடவில்லை.

ரப்பரை எடுத்துச்
சோடியத்தின் புள்ளியை அழித்தேன்.
என் மொழியில்
புள்ளி வைத்தால் மெய்,
புள்ளி போனால் உயிர் ஏறும்.
இங்கேயும் ஏதோ ஏறுகிறது,
தோளில் சின்னதாய் ஒரு கூட்டல்.
தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

குளோரினுக்கு இப்போது எட்டு.
சதுர அடைப்புக்குள் உட்காரவைத்து
வெளியே, மூலையில், கழித்தல்.

லோடர் ஓட்டும் பிரெண்டன்
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.
"கொடுத்தவனுக்குக் கூட்டல்,
வாங்கினவனுக்குக் கழித்தலா?"
"கடன்" என்றேன்.
அது விடை இல்லை. தெரியும்.
ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போனான்,
அவனுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.

ரேடியோ கரகரத்தது: "பூஜ்யம்."

பென்சிலைக் காதில் செருகிச் சாவியைத் திருகினேன்.
முதுகுக்குப் பின்னால் பத்து டன்
செம்பழுப்புப் பாறை உப்பு,
ஒரு கோடுகூட இல்லாமல்
ஒன்றையொன்று விடாமல்.
முதல் வளைவிலேயே சிதறத் தொடங்கியது.