எந்தக் கப்?

செக்காலை ரோட்டில், செருப்புக் கடைக்கு மேல்
ஒரு மாடி, இரண்டு ஓவன், நான்.
டிசம்பர் பிறந்தால் படிக்கட்டு வரை
வெண்ணெய் மணக்கும்.
செருப்புக் கடைக்காரர் புகார் சொன்னதில்லை.

பிலோமினா டீச்சர் தேவகோட்டையிலிருந்து
கோடு போட்ட தாளில் எழுதியனுப்பினார்:
மூன்று கப் கிஸ்மிஸ்,
ஒன்றரை கப் பேரீச்சை, பொடியாக அரிந்தது,
முக்கால் கப் அத்தி.
இது ஒரு கேக்குக்கு.
வேண்டியது பதினான்கு.

கல்லுக்கட்டிக் கடைகளில் போய்க்
கப் கணக்கில் கேட்க முடியுமா?
அங்கே நூறு, கால், அரை, கிலோ.
போன் போட்டேன்.
"எந்தக் கப் டீச்சர்?"
"கப்புதாம்மா. கப்பு."

மறுநாள் காலை
பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டிருந்தார்,
செய்தித்தாளில் சுற்றிய எனாமல் குவளை,
விளிம்பில் ஓரிடம் சில்லுப் பெயர்ந்து
கருத்திருந்தது.

விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுத்தேன்.
இருநூற்று அறுபத்திரண்டு கிராம்.
எத்தனை முறை நிறுத்தாலும் அதே சொல்.
தண்ணீர் நல்ல சாட்சி.

கிஸ்மிஸ் அப்படியில்லை.
சும்மா கொட்டினால் நூற்று அறுபது.
மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால்
இறங்கி உட்கார்ந்து
இன்னும் பதினான்கு கிராமுக்கு இடம் விடும்.
கட்டைவிரலால் அழுத்தினால்
நூற்றுத் தொண்ணூறு.
அதே குவளை, அதே பழம்.
வித்தியாசம் முழுக்கக் காற்று.
பதினான்கு கேக்குக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஒன்றேகால் கிலோவுக்கு மேல்
காற்றா பழமா என்று தெரியாமல் நிற்கிறது.

பேரீச்சை இன்னும் மோசம்.
கத்தியில் ஒட்டும், விரலில் ஒட்டும்,
தன் துண்டோடு தானே ஒட்டும்.
மாவு தூவிப் பிரித்தால் ஒரு எடை,
தூவாவிட்டால் வேறு.
அத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இந்தத் தராசு வெள்ளி நிறுக்க வந்தது.
நானும் அவரும் தீர்த்துக்கொண்ட அன்று
கானாடுகாத்தான் வீட்டு வளவில்
இரண்டு பக்கத்துப் பங்காளிகளும்
சாமான் பட்டியலோடு உட்கார்ந்தார்கள்.
வெள்ளி கிலோவில். வைரம் காரட்டில்.
எவர்சில்வர் எண்ணிக்கையில்.
தூக்குச்சட்டி பன்னிரண்டில் ஒன்று குறைந்தது,
அதற்கு அரைமணி நேரம் பேசினார்கள்.
ஏழு வருஷம் எந்தப் பக்கத்துப் பட்டியலிலும் இல்லை.
தராசும் இல்லை.
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்,
யாரும் கேட்கவில்லை.

இரவு மறுபடி போன்.
"அழுத்தி நிரப்புவீங்களா டீச்சர்,
சும்மா கொட்டுவீங்களா?"
அங்கே குக்கர் இரண்டு விசில் விட்டது.
"எங்க சார் இருந்தப்ப அழுத்துவேன்.
கடிக்குக் கடி பழம் மாட்டணும் அவருக்கு.
இப்ப தட்டுறதோட சரி.
தட்டியே போடும்மா, போதும்."

நோட்டில் எழுதினேன்:
கிஸ்மிஸ் ஒரு கப், நூற்று எழுபத்து நான்கு.
மூன்றால், பிறகு பதினான்கால் பெருக்கி
ஏழு கிலோ முந்நூற்று எட்டு.
கடைக்காரர் அந்த எட்டைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
"கொசுறா போட்டுடறேன் ஆச்சி" என்றார்.

இருபத்து மூன்றாம் தேதி
பதினான்கு கேக்கும் வேனில் போயின.
குவளையைத் தனியே கழுவித் துடைத்தேன்.
வெறும் பாத்திரம் திருப்பி அனுப்பும் வழக்கமில்லை.
மிச்சமிருந்த கிஸ்மிஸைப் போட்டு
மேலே தாள் வைத்து நூல் கட்டினேன்.

சாயங்காலம் கூப்பிட்டார்.
கேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
வாயில் எதையோ மென்றபடி,
"சிகப்பி,
குவளையில
அழுத்தியிருக்கியே."