மல்லாவியில் வியாழக்கிழமை

நெஞ்சுக்குள் எனக்கொரு வலைத்துண்டு இருக்கிறது.
யாழ்ப்பாணத்தில் வைத்து அனுப்பினார்கள்,
மணிக்கட்டால் நுழைந்து,
அடைத்த குழாயை அகட்டி.
எத்தனை இஞ்சிக் கண் என்று கேட்டேன்.
வவுனிக்குளத்தில் கண் சிறுத்தால்
வலையைப் பறித்துவிடுவார்கள்.
டொக்டர் சிரித்தார். அளவு சொல்லவில்லை.

குளிசை காலையில் மூன்று, இரவில் இரண்டு.
எல்லாம் போட்டும்
சாமம் இரண்டு மணிக்கு
தோணியில் தண்ணீர் ஏறுவதுபோல
ஒரு பயம் ஏறும்.
நோவில்லை. ஈசிஜியில் ஒன்றுமில்லை.
கிளினிக்கில்தான் துண்டெழுதித் தந்தார்கள்:
வியாழன், மல்லாவி, ஊசி வைத்தியம்.

டொக்டர் யசோதினி முதலில்
என் குளிசைப் பையை மேசையில் கொட்டினா.
"இதில ஒண்டையும் நிப்பாட்டக் கூடாது.
நான் அடைப்பு எடுக்கிற ஆளில்லை, அண்ணை.
பக்கத்தில நிக்கிற ஆள்."
இரத்தம் இளக்கும் குளிசையைக் கண்டு
இன்னும் மெல்லிய ஊசிப் பெட்டியை எடுத்தா.

"உடம்பில இரும்பு ஏதும்?"

இடத் தொடையில் ஒன்று.
தோள்பட்டைக்குக் கீழே இரண்டு,
அதில் ஒன்று மாரியில் இடம் மாறும்.
முதுகில் எத்தனையென்று தெரியாது,
என் முதுகை நான் பார்த்ததில்லை.
எழுதிக்கொண்டிருந்தவ பேனையை நிறுத்தி
"நெஞ்சுக்குள்ள வலையும்" என்று
தானே சேர்த்துக்கொண்டா.

அதே மணிக்கட்டு.
மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே,
இரண்டு நரம்புக்கு நடுவில்.
சீனர்கள் இதை உள்வாசல் என்பார்களாம்.
எங்கள் வளவுக்கு இன்னும் படலையே இல்லை,
இரண்டு தடியும் ஒரு தகரமும்.
உள்ளுக்காவது ஒன்று இருக்கட்டும்.

நுளம்பு கடித்த அளவுதான்.
பிறகு மெல்லத் திருகினா.
கனம்.
தூண்டிலின் மற்றத் தலைப்பில்
விறால் இரையை இழுக்காமல்
வாயில் வைத்துக்கொண்டு யோசிக்குமே,
அந்தக் கனம்.
"வந்திட்டுதோ?"
"வந்திட்டுது. சுண்டட்டோ?"
சிரித்ததில் அடுத்த ஊசிக்கு
அவ கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது.

இருபது நிமிடம்.
மேலே காற்றாடி, ஒரு பல்லி.
வெளியே நெல்மூட்டை ஏற்றும் உழவுயந்திரம்.
நெஞ்சு தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
நான் காவல் நிற்கவில்லை.
குறட்டை விட்டேனாம்.

எடுக்கும்போது வாய்விட்டு எண்ணினா.
வைத்தது ஒன்பது.
வந்தது எட்டு.

போர்வையை உதறினா.
சாரத்தின் மடிப்பை என்னையே பார்க்கச் சொன்னா.
பிறகு சீமெந்து நிலத்தில் முழங்கால் ஊன்றி,
ஃபோன் வெளிச்சத்தில்
கட்டிலுக்கு அடியில், சுவரோரம்,
"அசையாதேங்கோ அண்ணை,"
தலைமயிர் அளவு உலோகத்துக்காக
கால் மணித்தியாலம்.
வாசலில் பத்துப்பேர் காத்திருக்க.
விடுங்கோ டொக்டர், என்றேன்.
"விடேலாது. நான் குத்தினது."

என் செருப்பு வாரில் குத்தி நின்றது.
மஞ்சள் பெட்டியில் போட்டு
கொப்பியில் ஒன்பது என்று எழுதினா.

சட்டைப் பொத்தான் பூட்ட
எனக்குக் கனநேரம் எடுத்தது.
அவ யன்னல் பக்கம் திரும்பி
அடுத்தவரின் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றா.

பிரஷர் நூற்று நாற்பத்தாறு.
போன கிழமை நூற்றைம்பது.
இதை வைத்து என்ன சொல்வது?
மனுசி சுகமோ என்று கேட்டாள்.
தெரியாது, நல்லாய் நித்திரை கொண்டனான் என்றேன்.
இதைக் கேட்க பஸ்சுக்குக் காசு குடுத்தனியோ என்றாள்.
இரவுக் குளிசை இரண்டையும்
அவள் பார்க்க விழுங்கினேன்.

இரண்டு மணிக்கு முழித்தேன்.
தண்ணீர் கணுக்கால் மட்டும் வந்தது.
மணிக்கட்டில் மூன்று விரல் அளந்து
நாலாவதால் தொட்டுப் பார்த்தேன்.
அடியில் அது இன்னும்
இரையை விழுங்காமல் நின்றது.
நானும் சுண்டவில்லை.

நாலு மணிக்கு எழும்ப வேணும்,
குளத்தில் வலை கிடக்கிறது.