சனிக்கிழமைச் சட்டை

கல்லில் நார் உரிக்க முடியாதென்பார்கள்.
பதினெட்டு வருடம் உரித்தேன்.
கொச்சியில், பழுதுக்கு வந்த கப்பல்களின் வயிற்றுக்குள்,
கொதிகுழாய்களைச் சுற்றியிருந்த பழைய கல்நாரைக்
கத்தியால் கீறி, கையால் பிய்த்து,
புதியதைச் சாந்துபோல் குழைத்துப் பூசினேன்.
முகத்தில் ஒரு தோர்த்து.
அதுவும் வேர்வை துடைக்கத்தான்.

ஃபோர்மன் வர்க்கிச்சன் சொல்வார்:
தீயே தொடாத சாதனமடா இது.
எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வண்டி பிடித்து
இரணியலில் இறங்கும்போது மணி ஒன்று தாண்டிவிடும்.
செல்லரோஸ் விழித்திருப்பாள்.
"மாவு மில்லுல இருந்தாக்கும் வாறிய?"
சட்டையைக் கழற்றச் சொல்லி
முற்றத்து பல்புக்குக் கீழே நின்று
ஓங்கி உதறுவாள், மூன்று தடவை.
இருட்டுக்குள் வெள்ளையாய் ஒன்று
இறங்க மனமில்லாமல் நிற்கும்.
பிள்ளை ஜெபக்கனி தூக்கம் கலைந்து ஓடிவந்து
அதைப் பிடிக்கத் துள்ளுவாள்.
பிடித்துவிட்டேன் என்று
மூடிய கையைக் காட்டுவாள்.

துவைப்பு திங்களன்று, சானலில்.
முதல் அலசலில் தண்ணீர்
கஞ்சித்தெளிவுபோல் போகுமாம்.
கீழே குளிப்பவர்கள் ஏசுவார்களாம்.
நான் பார்த்ததில்லை.
அந்நேரம் மறுபடி கப்பலுக்குள் இருப்பேன்.

போன ஆண்டு அவளுக்கு வலது விலாவில் வலி.
வாயுவென்றார்கள். இஞ்சிச்சாறு குடித்தாள்.
பிறகு காசநோயென்று ஆறு மாதம் மாத்திரை.
மூத்திரம் செவ்வந்தி நிறத்தில் போனது,
வலி போகவில்லை.
ஆசாரிப்பள்ளத்தில் ஊசி குத்தி
ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள்,
கட்டன்சாயா நிறத்தில்.
சதைத்துணுக்கு ஒன்று திருவனந்தபுரம் போய்
ஒரு பெயரோடு திரும்பி வந்தது.

மீசோதீலியோமா.
டாக்டர் சின்னப் பெண்,
கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இரண்டு தடவை சொன்னாள்.
செல்லரோஸ் மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டாள்:
"மீசை வச்ச சீக்கா?
அப்பம் இவியளுக்குல்லா வந்திருக்கணும்."
சிரித்தாள். சிரிப்பு விலாவில் இடித்து நின்றது.
நான் மீசையைத் தொட்டுக்கொண்டேன்.

என்னையும் படம் எடுத்தார்கள்.
பழைய தழும்பு இரண்டு, வேறொன்றுமில்லை.
நாற்பது வருடம் கழித்தும் வருமாம்.
எத்தனை இழை போதுமென்று
யாருக்கும் தெரியாதாம்.

நஷ்டஈட்டுத் தாளோடு கொச்சிக்குப் போனேன்.
பாதிக்கப்பட்டவரின் பணிக்காலம் என்றொரு கட்டம்.
அவர் இங்கே வேலை பார்க்கவில்லையே என்றார்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர்.
பார்த்தாள், ஐயா.
வாரத்துக்கு ஒரு சட்டை, ஒரு கால்சட்டை.
சம்பளமில்லை.
ஒரு தோர்த்துகூட இல்லை.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு
வண்டிக்கு நேரமாச்சென்று எழுந்துவிட்டேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஜெபக்கனி தினமும் கூப்பிடுகிறாள்.
நாற்பத்துநான்கு வயது.
பேச்சுக்கு நடுவே ஒருமுறை இருமினாள்.
"தொண்ட வறண்டுட்டுப்பா" என்றாள் உடனே,
நான் ஒன்றும் கேட்காமலே.
போனை வைத்த பிறகும்
மூடிய அந்தச் சின்னக் கை
கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போது துவைப்பது நான்.
அவள் நைட்டிகளை வாளியில் முழுக அமுக்கி,
நன்றாக நனைந்த பிறகே மடிப்பைப் பிரிக்கிறேன்.
பொடி பட்ட துணியை அப்படித்தான் கையாளவேண்டுமென்று
டாக்டர் தந்த தாளில் இருந்தது.
இதில் பொடியில்லை. எனக்குத் தெரியும்.
தைலமும் வேர்வையும்தான்.

பிழிந்து, அப்படியே கொடியில் போடுகிறேன்.
கட்டிலில் சாய்ந்தபடி சன்னல் வழியே பார்த்துச் சொல்கிறாள்,
சொல்லுக்கு ஒரு மூச்சாக:
"உதறிப் போடுங்க.
இல்லேன்னா சுருங்கும்லா."